வெள்ளி விளக்கு வேண்டாம்

கேள்வி: குன்னூரில் இருக்கும் கல்லூரித் தோழி வீட்டில் ஐந்து நாள் தங்கிவிட்டு வந்தேன். காலை எட்டு மணி வரை தூங்கினேன். காபி கைக்கு வந்தது. அவள் கணவர்கூட என்னை ஒரு டம்ளரைக் கழுவ விடவில்லை. இங்கே பள்ளிக்கூடம் போகும் பிள்ளைகளை மாமியார் பார்த்துக்கொண்டார். திரும்பி வந்த ராத்திரி அவர் முழங்காலுக்குத் தைலம் தேய்த்துக்கொண்டிருந்தார், நான் அசதியில் படுத்துவிட்டேன். தோழிக்கு நன்றியாக வெள்ளிக் குத்துவிளக்கு அனுப்பலாமா?
- வாசகி, கோவில்பட்டி

பதில்: விளக்கெல்லாம் வேண்டாம். வெள்ளி போய்ச் சேர்ந்தால் அவள் அதை மொய்க் கணக்கு மாதிரி மனசில் எழுதி வைத்துக்கொண்டு, உங்கள் வீட்டு விசேஷத்துக்கு அதே எடையில் திருப்பிச் செய்யக் கடைகடையாக அலைவாள். 2020-இல் புவிசார் குறியீடு வாங்கின கடலை மிட்டாய் உங்கள் ஊரிலேயே இருக்கிறது. இரண்டு கிலோ கூரியரில் போடுங்கள். பக்கத்து ஊர்தானே என்று ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவா வாங்கிவிடாதீர்கள், சீக்கிரம் கெட்டுப்போகும். கூடவே உங்கள் கையெழுத்தில் நாலு வரி. எட்டு மணி வரை தூங்கினதை எனக்கு எழுதினீர்களே, அதை அவளுக்கு எழுதுங்கள்.

சரி, அந்த முழங்காலுக்கு வருவோம்.

இப்படிக் கடிதங்கள் எனக்கு நிறைய வருகின்றன. தோழிக்கு முழுப் பக்கம், வீட்டில் இருப்பவருக்கு அரை வரி. 'பார்த்துக்கொண்டார்' என்று ஒரே சொல்லில் முடித்துவிட்டீர்கள். விடியுமுன் எழுந்து, தண்ணீர் காய வைத்து, டிபன் டப்பா கட்டி, ஷூ லேஸ் முடிந்து, சாயங்காலம் வீட்டுப்பாடத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, இதெல்லாம் வலிக்கிற காலோடு ஐந்து நாள். குன்னூரில் நீங்கள் தூங்கின தூக்கத்துக்கு இங்கே ஒருத்தர் விழித்திருந்தார். அவரைத் தாண்டிப் போய்ப் படுத்தீர்களே, சாப்பிட்டீர்களா என்றாவது கேட்டிருக்க வேண்டாமா?

பாட்டியின் கடமைதானே என்று சொல்லிவிடாதீர்கள். பிள்ளை வளர்ப்பது பெற்றவர்கள் கடமை. பாட்டி செய்தது பிரியம், அதைக் கணக்கில் சேர்க்காமல் விடுவது தப்பு. வீட்டு மனுஷர்களுக்கு நன்றி சொன்னால் அந்நியமாகிவிடும் என்கிற பேச்சையும் நான் ஒத்துக்கொள்ளவே மாட்டேன்.

இன்னொன்று. தோழியின் கணவர் உங்கள் கடிதத்தில் வருகிறார், உங்கள் கணவரைக் காணோம். அந்த ஐந்து நாளும் அவர் என்ன செய்துகொண்டிருந்தார்? அவர் பிள்ளைகள்தானே, அவர் அம்மாவின் கால்தானே!

விளக்குக்கு வைத்திருந்த பணத்தில் மாமியாரை எலும்பு மருத்துவரிடம் கூட்டிப் போங்கள், கணவரும் லீவு போட்டுவிட்டு வரட்டும். அப்புறம் மாமியாருக்கும் பிறந்த ஊர் இருக்கும், அக்கா தங்கை யாராவது இருப்பார்கள். அவரும் ஐந்து நாள் போய் எட்டு மணி வரை தூங்கட்டும். அந்த ஐந்து நாளும் டிபன் டப்பா உங்கள் கணவர் பொறுப்பு. எங்கே போகப் பிரியம், எப்போது போகலாம் என்று மாமியாரிடமே கேளுங்கள். இன்றைக்கு ராத்திரியே, அந்தத் தைல பாட்டிலை நீங்கள் கையில் எடுத்துக்கொண்டு கேளுங்கள்.