சிப் நிறுவனம் பேசாமல் இருந்தால் பங்கை விற்றுவிடலாமா?

கேள்வி: அமெரிக்க சிப் நிறுவனம் ஒன்றின் பங்குகள் என்னிடம் இருக்கின்றன. தொடர்ந்து நஷ்டம். சில வாரங்களாக ஆய்வாளர்களுக்குக்கூட நிர்வாகம் பதில் சொல்வதில்லையாம். ‘யாரோ வாங்கப் போகிறார்கள்’ என்கிறார் ஒரு நண்பர். ‘திவால்தான்’ என்கிறார் இன்னொருவர். விற்கலாமா?

பதில்: இரண்டுமே ஊகம். முதலில் காலண்டரைப் பாருங்கள். காலாண்டு முடியும் தறுவாயிலிருந்து முடிவுகள் வெளியாகும்வரை பேசாமல் இருப்பது அங்கே பெரும்பாலான நிறுவனங்களின் வழக்கம். முக்கியமான தகவலை ஆய்வாளர் ஒருவர் காதில் மட்டும் போடக் கூடாது என்று 2000-லேயே விதி வந்துவிட்டது. நஷ்டத்தில் ஓடும் நிறுவனத்தின் வக்கீல்கள் இதில் இன்னும் கெடுபிடியாக இருப்பார்கள்.

ஆகவே நிர்வாகம் எழுதிக் கொடுத்திருப்பதைப் படியுங்கள். வுல்ஃப்ஸ்பீடை எடுத்துக்கொள்வோம். சிலிக்கான் கார்பைடு சிப் தயாரிக்கும் நிறுவனம். 2024 அக்டோபரில் 75 கோடி டாலர் அரசு மானியம் என்ற செய்தி வந்தது. அது முதற்கட்ட உடன்பாடுதான், கைக்கு வந்த பணம் அல்ல. 2026 மே மாதம் 57.5 கோடி டாலர் கடன் பத்திரங்கள் முதிர்வடையும் என்பதோ அதன் அறிக்கைகளிலேயே இருந்தது. 2025 மே மாதம், தொடர்ந்து இயங்க முடியுமா என்பதே சந்தேகம் என்று நிறுவனமே சொன்னது. ஜூன் 30-இல் சாப்டர் 11 மனு, அதாவது நிறுவனத்தை மூடாமல் கடனைச் சீரமைக்கும் திவால் மனு. செப்டம்பரில் கடனில் ஏறக்குறைய 70 சதவீதம் குறைந்து வெளியே வந்தது. பழைய பங்குகள் ரத்தாகி, சுமார் 120 பங்குக்கு ஒரு புதிய பங்கு கிடைத்தது. கடன் கொடுத்தவர்களுக்குப் போக மிஞ்சியதுதான் பங்குதாரருக்கு. ‘கம்பெனி மூடவில்லையே’ என்று ஆறுதல் அடைபவர்கள் இதை மறந்துவிடுகிறார்கள்.

உங்கள் நிறுவனத்தின் கடைசி காலாண்டு அறிக்கை (10-கியூ) அமெரிக்கப் பங்குச் சந்தை ஒழுங்குமுறை ஆணையத்தின் எட்ஜர் தளத்தில் இலவசமாகக் கிடைக்கும். கையிருப்பு எவ்வளவு, ஒரு காலாண்டில் எவ்வளவு கரைகிறது, இரண்டு ஆண்டுக்குள் திருப்ப வேண்டிய கடன் எவ்வளவு என்று பாருங்கள். அறிக்கை தாமதமாகும் என்று அறிவித்தாலோ, தணிக்கையாளர் விலகினாலோ கவலைப்படுங்கள். தணிக்கையாளர் மாறினால் நான்கு வேலை நாட்களுக்குள் 8-கே என்ற முக்கிய நிகழ்வு அறிக்கையைத் தாக்கல் செய்தாக வேண்டும். அதை மறைக்க வழியில்லை.

கையிருப்பு கடனைத் தாங்காது, புதுக் கடனுக்கும் வழி தெரியவில்லை என்றால் அடுத்த முடிவுகள்வரை காத்திருக்காமல் விற்றுவிடுங்கள். தாங்கும் என்றால் வைத்திருக்கலாம். எப்படியானாலும், யாரோ வாங்குவார்கள் என்று நம்பி விலை இறங்க இறங்க மேலும் வாங்கிச் சேர்க்காதீர்கள்.