பர்சனல் லோன் போட்டு ரியோ கார்னிவல் பாக்க போலாமா?

கேள்வி: நானும் கணவரும் கோவையில வேலை பாக்கறோம். ரெண்டு சம்பளமும் சேந்து கைக்கு 1.35 லட்சம் வருது. வீட்டு லோன் இஎம்ஐ 38,000, பொண்ணு படிப்புக்கு எஸ்ஐபி 20,000 போகுது. அவசரத்துக்குன்னு எஃப்டியில 3 லட்சம், டிரிப்புக்குன்னு தனியா 4.5 லட்சம் இருக்கு. 2027 பிப்ரவரியில பிரேசில்ல இருக்கற ரியோ டி ஜெனிரோ போயி கார்னிவல் (சாம்பா ஆட்ட அணிவகுப்பு திருவிழா) பாக்கணும்னு எனக்கு ரொம்ப நாள் ஆசை, அவருக்கு மரக்கானா ஃபுட்பால் ஸ்டேடியம். பொண்ண அம்மா வீட்டுல விட்டுட்டு ரெண்டு பேரும் போறதா பிளான், டூர் ஏஜென்ட் 7.5 லட்சம் சொல்றார். மீதி 3 லட்சத்துக்கு பர்சனல் லோன் போடலாமா, எஃப்டிய உடைக்கலாமா?

பதில்: ரெண்டுமே வேணாம்ங்க. ஆனா ரியோவுக்கு கண்டிப்பா போயிட்டு வாங்க, உங்ககிட்ட இருக்கற 4.5 லட்சமே போதும், தேதிய மட்டும் கொஞ்சம் முன்னாடி தள்ளணும்.

முதல்ல லோன். 3 லட்சம், 14 சதவீதம், மூணு வருஷம்னு வெச்சா மாசம் சுமார் 10,250 கட்டணும், வட்டி மட்டுமே 69,000 கிட்ட போயிடும், ப்ராசசிங் ஃபீஸ் தனி. ஏற்கனவே 58,000 கட்டாயமா வெளிய போற வீட்டுல இன்னொரு பத்தாயிரம் சேந்தா அடுத்து கை வைக்கறது பொண்ணோட எஸ்ஐபியில தான், நிறைய குடும்பத்துல இத பாத்திருக்கேன். எஃப்டியும் உங்க செலவுக்கு மூணு மாசம் தான் தாங்கும், அத தொடாதீங்க.

இப்ப ஏன் 7.5 லட்சம்னு பாருங்க. 2027-ல கார்னிவல் செவ்வாய்க்கிழமை பிப்ரவரி 9-ல வருது. அந்த வாரம் ரியோவுல பல ஹோட்டல் ஒரு நாள் ரெண்டு நாளுக்கு ரூமே தராது, நாலஞ்சு நைட் மொத்தமா தான் விக்கும், அதுவும் சாதாரண ரேட்டுல ரெண்டு மூணு மடங்குக்கு. அதுக்கு மேல அணிவகுப்பு டிக்கெட். ஆனா நீங்க பாக்க ஆசைப்படற சாம்பா பள்ளிகள், அதாவது அணிவகுப்புல ஆடற குழுக்கள், வழக்கமா ஜனவரியில இருந்தே வார இறுதியில அணிவகுப்பு நடக்கற அதே சாம்பட்ரோம்ல ஒத்திகை எடுக்கும், ஆஸ்கர் நீமையர் வடிவமைச்சு 1984-ல திறந்த அதே இடம், உள்ள போக காசு கிடையாது. பெரிய வண்டிகளும் முழு அலங்காரமும் இருக்காது, அது உண்மை. ஆனா நூத்துக்கணக்கான பேர் ஒண்ணா அடிக்கற அந்த மேளமும் ஆட்டமும் பாட்டும் அப்படியே இருக்கும், சுத்தி உக்காந்திருக்கறது முக்காவாசி உள்ளூர் ஜனம், பாட்டு மனப்பாடமா தெரிஞ்சவங்க. எனக்கு கேட்டா இது தான் உங்களுக்கு சரியான கார்னிவல். தெருவுல ஆடிட்டு போற ப்ளோக்கோ ஊர்வலங்களும் கார்னிவலுக்கு சில வாரம் முன்னாடியே ஆரம்பிச்சிடும், அதுவும் ஃப்ரீ. அதனால பொங்கல் லீவோட சேத்து ஜனவரி ரெண்டாம் பாதியில போங்க, ஒத்திகை தேதி அறிவிச்சதும் ஃப்ளைட் புக் பண்ணுங்க.

என் கணக்கு இது, தோராயம் தான். ஃப்ளைட் ரெண்டு பேருக்கு இரண்டரை லட்சம், நேரடி ஃப்ளைட் கிடையாது, துபாய் மாதிரி எங்கயாவது மாறணும். எட்டு நைட் ரூம் 55,000, சாப்பாடு 40,000, உள்ளூர் போக்குவரத்தும் நுழைவு டிக்கெட்டும் 30,000, விசா இன்சூரன்ஸ் 25,000. மொத்தம் நாலு லட்சம். மீதி 50,000 கணக்குல வராம கையில இருக்கட்டும். ரூம் இபனேமா பீச்ச பாத்த மாதிரி வேணாம், போட்டாஃபோகோ இல்ல ஃப்ளமெங்கோ பக்கம் மெட்ரோ கிட்ட எடுங்க.

காசு கொடுத்து கண்டிப்பா பாக்க வேண்டியது ரெண்டு. ஒண்ணு கோர்கோவாடோ மலை மேல 1931-ல திறந்த கிறிஸ்து சிலை, இன்னொண்ணு 1912-ல இருந்து ஓடற சுகர்லோஃப் கேபிள் கார். கிறிஸ்து டிக்கெட்ட இங்க இருந்தே வாங்கி வெக்காதீங்க, மலை 710 மீட்டர் உயரம், மேகம் எறங்கிட்டா சிலையும் தெரியாது ஊரும் தெரியாது, டிக்கெட் காசு வீண். ஜனவரியில மத்தியானத்துக்கு மேல இடி மழை அடிக்கடி வரும், அதனால வானம் தெளிவா இருக்கற காலையில முடிவு பண்ணி போங்க. பேக்கேஜ்ல போனா இந்த வசதி இருக்காது.

மிச்சம் பாதி ரியோ இலவசம் தான். செலரோன் படிக்கட்டு, கோபகபானாவுல நாலு கிலோமீட்டர் நடை, மலை அடிவாரத்துல பார்க்கி லாஜி பூங்கா, பழைய போர்ச்சுகீசிய வாசகசாலை (ரெண்டு மாடி உயரத்துக்கு மேல புத்தக அலமாரி, விட்டுடாதீங்க), அர்போவடோர் பாறையில சூரியன் மறையறப்ப எல்லாரும் கைதட்டுவாங்க. 1808-ல ஆரம்பிச்ச தாவரவியல் பூங்காவுக்கு டிக்கெட் உண்டு, கொடுக்கலாம். அவருக்கு மரக்கானா டூர் மட்டும் போதாது, ஜனவரியில ரியோ மாநில சாம்பியன்ஷிப் நடக்கும், ஒரு மேட்ச் பாக்கட்டும், மெட்ரோ வாசல்லயே நிக்கும்.

சாப்பாட்டுக்கு கிலோ ஹோட்டல் தேடுங்க, தட்டுல எடுத்தத எடை போட்டு காசு வாங்குவாங்க, சோறு காய் சாலட்னு சைவத்துக்கும் வழி இருக்கு, பீன்ஸ்ல மட்டும் பன்னிக்கறி கலந்திருக்கானு கேட்டுக்கோங்க. பில்லுல வர்ற 10 சதவீத சர்வீஸ் சார்ஜ் கட்டாயம் இல்ல, ஆனா எல்லாரும் கொடுப்பாங்க.

பணம் எப்படி எடுத்துட்டு போறதுன்னா, பிரேசில் ரெயால் நம்ம ஊர்ல சுலபமா கிடைக்காது, பல ஃபாரெக்ஸ் கார்டுலயும் அந்த கரன்சி இல்ல, டாலர் ஏத்திட்டு போனா அங்க தேய்க்கறப்ப கிராஸ் கரன்சி சார்ஜ் தனியா புடிப்பாங்க. சாதாரண கிரெடிட் கார்டுல மார்க்கப், அதாவது வெளிநாட்டு கரன்சிக்கு புடிக்கற கூடுதல் சார்ஜ், மூன்றரை சதவீதம் வரைக்கும் போகும், அதுக்கு மேல ஜிஎஸ்டி. மார்க்கப் இல்லாத கார்டு ஒண்ணு இப்பவே வாங்கிடுங்க, இன்னொரு கார்டு ரூம்ல பூட்டி இருக்கட்டும். மெஷின் ரூபாயா ரெயாலானு கேட்டா எப்பவும் ரெயால் தான். தொகைய பாத்துட்டு டேப் பண்ணுங்க. உள்ளூர்க்காரங்க பிக்ஸ்ல கட்டுவாங்க, நம்ம யுபிஐ மாதிரி, ஆனா அங்க பேங்க் அக்கவுண்ட் வேணும். இளநீர் கடைக்கு மட்டும் கொஞ்சம் கேஷ், அதையும் பேங்குக்குள்ள இருக்கற ஏடிஎம்லயே எடுங்க. தெருவுல போன கையில வெச்சுட்டு நடக்காதீங்க, பறிச்சுட்டு போயிடுவாங்க.

பேக்கேஜா வாங்கினா முதல் ரூபாயில இருந்தே டிசிஎஸ் (விக்கறவரே முன்கூட்டி புடிக்கற வருமான வரி) உண்டு, வரி ரிட்டர்ன் போடறப்ப திரும்ப வரும், ஆனா அதுவரைக்கும் உங்க காசு மாட்டி நிக்கும். தனித்தனியா புக் பண்றதுக்கு அதுவும் ஒரு காரணம்.

கடைசியா மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசி. கிளம்பறதுக்கு பத்து நாளாவது முன்னாடி போட்டு சர்டிஃபிகேட் வாங்கிடுங்க. இது பிரேசிலுக்காக மட்டும் இல்ல, அது இல்லாம திரும்பி வந்தா இங்க ஏர்போர்ட்லயே ஆறு நாள் வரைக்கும் தனிமைப்படுத்தலாம், லீவும் போயிடும். அங்கீகரிச்ச மையத்துல மட்டும் தான் போடுவாங்க, கூட்டம் இருக்கும், டிசம்பர்லயே முடிச்சுடுங்க.