‘அனைவரும் வரவும்’ என்றால் யார் வருவது?

அன்புள்ள ஐயா,

திருக்கோவில் பக்கத்துக் கிராமம் ஒன்றில் கிராம அபிவிருத்திச் சங்கச் செயலாளராக இருக்கிறேன். மாரிக்கு முன் வடிகான் துப்புரவாக்கச் சிரமதானம் வைத்தோம். கோயில் மைக்கில் சொன்னோம், வட்ஸ்அப் குழுவிலும் போட்டோம். 64 வீட்டில் 11 வீடுதான் வந்தது. நியூயோர்க்கில் ஒரு பெண்ணைக் குத்திக் கொல்ல 38 பேர் பார்த்துக்கொண்டு நின்றார்களாம் என்று வாசித்தேன். நம்மட சனமும் அப்படித்தானா? எந்த நேரமும் போனோடு இருப்பதால் வந்த வினையா? வராத வீட்டுக்கு 500 ரூபா தண்டம் போடலாம் என்கிறார் தலைவர். போடலாமா? சமூக உளவியல் படிக்க ஒரு நல்ல புத்தகமும் சொல்லுங்கள். அடுத்த முறைக்கு நாங்கள் எழுதிய அறிவித்தலை இணைத்திருக்கிறேன்.

அன்புள்ள தங்கச்சி,

புத்தகம் பிறகு பார்ப்போம். போனைத் திட்டுவதையும் விடுங்கள். நான் கீழே சொல்லும் சோதனைகளில் சில, கைத்தொலைபேசி மனிதர் கைக்கு வருமுன்பே நடந்தவை. அப்போதும் ஆட்கள் இப்படித்தான் நடந்தார்கள். பொது அறிவித்தல்களை நாம் எழுதும் விதம் பற்றிச் சில காலமாக யோசித்துக்கொண்டிருந்தேன். நீங்கள் அதில் ஒன்றையே அனுப்பிவிட்டீர்கள்.

முதலில் அந்த 38 பேர். 1964 மார்ச் 13 விடியப்புறம் கிற்றி ஜெனோவீஸ் என்ற பெண் நியூயோர்க்கின் கியூ கார்டன்ஸில் கொல்லப்பட்டது உண்மை. 38 பேர் ஜன்னலோரம் நின்று முழுவதையும் வேடிக்கை பார்த்தார்கள் என்பது பத்திரிகை கட்டிய கதை. அதற்கு ஆதாரம் இல்லை என்று 2007இல் ஆய்வாளர்கள் மூவர் எழுதினார்கள். ஒருவர் ஜன்னலால் சத்தம் போட்டுக் கொலைகாரனை விலக வைத்திருக்கிறார். அயல்வீட்டுப் பெண் ஒருவர் இறங்கி ஓடிவந்து அவளைத் தாங்கிப் பிடித்துக்கொண்டிருந்திருக்கிறார். ஆம்ஸ்டர்டாம், லங்காஸ்டர், கேப் டவுன் தெருக் கமராக்களில் பதிவான 219 தகராறுகளைப் பார்த்தபோதும், பத்தில் ஒன்பதில் யாரோ ஒருவராவது இடையில் புகுந்து விலக்கியிருந்தார். பொய்யாகிப்போன ஒரு கதையை வைத்து உங்கள் ஊரை அளக்காதீர்கள். வெள்ளம் வந்தால் இதே 64 வீடும் ஒருவரை ஒருவர் தூக்கிக்கொண்டு பள்ளிக்கூடத்துக்கு ஓடும், அது உங்களுக்கே தெரியும்.

தண்டம் வேண்டாம். இஸ்ரேலின் ஹைபா நகரில் பிள்ளைகளைக் கூட்டிப்போகப் பெற்றோர் பிந்தி வருகிறார்கள் என்று, 10 பகல்நேரப் பராமரிப்பு நிலையங்களில் 6இல் தண்டம் விதித்துப் பார்த்தார்கள். பிந்தி வருவோர் தொகை ஏறக்குறைய இரட்டித்தது. அதுவரை ஆசிரியையைக் காக்க வைக்கிறோமே என்ற கூச்சம் இருந்தது. காசு கட்டியதும் அந்தக் கூச்சம் போய்விட்டது. பிறகு தண்டத்தை நீக்கியும் நிலைமை பழையபடி திரும்பவில்லை. தலைவரிடம் இதைச் சொல்லுங்கள். 500 ரூபாவைக் கட்டிவிட்டுத் தலை நிமிர்ந்து வீட்டில் இருப்பவர்கள் உருவாவார்கள், பிறகு அவர்களைக் கூப்பிட உங்களிடம் ஒரு வார்த்தையும் மிஞ்சாது.

இனி உங்கள் அறிவித்தலுக்கு வருகிறேன். “கடந்த சிரமதானத்திற்கு 64 குடும்பங்களில் 11 குடும்பங்கள் மட்டுமே சமூகமளித்தன. இது எமது கிராமத்திற்கு வெட்கக்கேடு. இம்முறையாவது அனைவரும் தவறாது கலந்துகொள்ளவும்.”

மூன்று வசனம், மூன்றிலும் பிழை. கோபத்தில் எழுதியிருக்கிறீர்கள், அது விளங்குகிறது. ஆனால் இதை அப்படியே ஒட்டினால் அடுத்த முறை 11கூட வராது.

முதல் வசனம் ஊருக்கு என்ன சொல்கிறது? வராமல் இருப்பதுதான் இங்கே வழக்கம் என்று சொல்கிறது. அன்று வீட்டில் இருந்த 53 குடும்பத்துக்கும் ‘நான் மட்டுமா வரல்ல’ என்ற சிறு குற்ற உணர்வு இருந்திருக்கும். அதை நீங்களே துடைத்து எடுத்துவிட்டீர்கள். அமெரிக்காவில் அரிசோனாவில் கல்லாகிப்போன மரங்களுக்கென்று ஒரு தேசியப் பூங்கா உண்டு. வருகிறவர்கள் ஆளுக்கொரு துண்டைச் சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டு போய்விடுவார்கள். வருடத்துக்கு 14 தொன் களவு போகிறது என்று பூங்காவே பலகை வைத்திருந்தது. ரொபேர்ட் சியால்டினியும் கூட்டாளிகளும் அடையாளமிட்ட துண்டுகளைப் பாதையோரம் போட்டு, இரண்டு பலகைகளை மாற்றி மாற்றி வைத்துப் பார்த்தார்கள். ‘முன்பு வந்த பலர் எடுத்துப்போய்ப் பூங்காவின் இயல்பே மாறிவிட்டது’ என்ற பலகை இருந்தபோது 7.92 சதவீதம் களவுபோனது. ‘தயவுசெய்து எடுக்காதீர்கள்’ என்று மட்டும் இருந்தபோது 1.67 சதவீதம். களவைப் பற்றிப் புலம்பிய பலகைதான் களவைக் கூட்டியது. இதையே நம் ஊர்களில் எல்லாரும் செய்கிறோம். பள்ளிக்கூடத்தில் “பெற்றோர் கூட்டத்துக்கு ஒருத்தரும் வாறல்ல” என்கிறோம், ஒழுங்கையில் “எல்லாரும் இங்கதான் குப்பை கொட்டுறாங்க” என்று எழுதுகிறோம். வராதவர் கணக்கை மைக்கில் வாசிக்காதீர்கள். சங்கத்தின் கூட்டக் குறிப்பில் எழுதி வையுங்கள், அங்கே அது தேவை.

இன்னொன்று, அந்த வசனத்தை வந்த 11 வீடும் வாசிக்கும். கலிபோர்னியாவின் சான் மார்கோஸில் 290 வீடுகளுக்கு, அயலவர் சராசரியாக எவ்வளவு மின்சாரம் பாவிக்கிறார்கள் என்று எழுதிக் கதவில் தொங்கவிட்டார்கள். கூடப் பாவித்தவர்கள் குறைத்தார்கள், சரி. ஆனால் குறைவாகப் பாவித்துக்கொண்டிருந்தவர்கள் கூட்டிவிட்டார்கள். ஊர் ஓட்டம் தெரிந்ததும் நல்லவர்களும் அந்தப் பக்கமே சரிந்தார்கள். கணக்குக்குப் பக்கத்தில் பாராட்டாக ஒரு சிரித்த முகத்தை வரைந்துவிட்டபோது அந்தச் சரிவு நின்றது. உங்கள் அறிவித்தலில் அந்த 11 வீட்டுக்கு ஒரு நல்ல சொல் இருக்கிறதா? தேடிப் பார்த்தேன், இல்லை. ‘வெட்கக்கேடு’ அவர்கள் தலையிலும்தான் விழுகிறது.

‘அனைவரும்’ என்ற சொல்தான் எல்லாவற்றிலும் பெரிய கோளாறு. 1968இல் ஜோன் டார்லியும் பிப் லட்டானேயும் மாணவர்களைத் தனித்தனி அறையில் இருத்தி, மைக் வழியே பேச வைத்தார்கள். பேச்சின் நடுவில் ஒருவருக்கு வலிப்பு வந்தது போல் சத்தம் கேட்கும். கேட்பது தான் மட்டும்தான் என்று நினைத்தவர்களில் 85 சதவீதம் பேர் வலிப்பு முடியுமுன் எழுந்துபோய்ச் சொன்னார்கள். இன்னொருவரும் கேட்கிறார் என்று நினைத்தபோது 62. வேறு நாலு பேர் கேட்கிறார்கள் என்றபோது 31. எழுந்து போகாதவர்கள் கல்நெஞ்சர்கள் இல்லை, அவர்கள் கை நடுங்கியது, உள்ளங்கை வியர்த்திருந்தது. யாருடைய வேலை என்று தெரியாமல்தான் இருந்துவிட்டார்கள்.

இதற்கு மருந்தும் அப்போதே தெரிந்துவிட்டது. தோமஸ் மொரியார்ட்டி 1975இல் வெளியிட்ட ஆய்வு அது. நியூயோர்க் கடற்கரையில் ஒருவர் வானொலிப் பெட்டியை வைத்துவிட்டு எழுந்து போவார், கொஞ்ச நேரத்தில் ‘கள்ளன்’ வந்து தூக்குவான். பக்கத்தில் இருந்தவரிடம் சும்மா வேறு ஏதாவது மட்டும் கேட்டிருந்தால், 20 பேரில் 4 பேர்தான் தடுத்தார்கள். “இதைக் கொஞ்சம் பார்த்துக்கொள்கிறீர்களா?” என்று கேட்டு அவரும் ஓம் என்றிருந்தால், 20 பேரில் 19 பேர். சில பேர் துரத்திக்கொண்டே ஓடினார்கள். ஒரு கேள்விக்கும் ஒரு ‘ஓம்’ என்ற பதிலுக்கும் அவ்வளவு பலம்.

நமக்கு இது புதிதா? கிழக்கிலங்கையில் கண்ணகி அம்மன் சடங்கானாலும் பிள்ளையார் திருவிழாவானாலும் எந்த நாள் எந்தக் குடிக்கு, அதாவது எந்தத் தாய்வழிக் குலத்துக்கு, என்று கோயிலில் பிரித்து வைத்திருக்கிறோம். அந்த நாள் பிழைத்தால் யாரைக் கேட்பது என்று கோயிலை நிர்வகிக்கும் வண்ணக்கருக்குத் தெரியும். அக்கரைப்பற்றுப் பள்ளிவாசலில் குடியின் பிரதிநிதியாகக் குடி மரைக்காயர் இருப்பதும் இதே ஒழுங்கில்தான். ‘அனைவரும் வந்து திருவிழாச் செய்யவும்’ என்று எந்தக் கோயிலாவது மைக்கில் சொன்னதுண்டா? அம்மனுக்குச் செய்யும்போது தெரிந்ததை, வடிகானுக்கு வரும்போது ஏன் மறந்தீர்கள்?

ஆகவே செய்ய வேண்டியது இது. வடிகானைத் துண்டு துண்டாகப் பிரியுங்கள், ஒரு துண்டுக்கு நாலைந்து பேர். அதற்கு மேல் வேண்டாம். மக்ஸ் ரிங்கல்மன் கயிறு இழுக்க வைத்து அளந்தபோது, 8 பேர் சேர்ந்து இழுத்தால் ஒவ்வொருவரும் தனியே இழுக்கும் பலத்தில் பாதியளவுதான் போட்டார்கள். துண்டின் இரண்டு முனையும் கண்ணுக்குத் தெரியும் அடையாளமாக இருக்கட்டும்: இந்த மதகிலிருந்து அந்தப் புளியமரம் வரை. கூடியமட்டும் அவரவர் வீட்டு முன்னாலுள்ள துண்டையே கொடுங்கள். காலில் காயமுள்ளவரைச் சேற்றில் இறக்காதீர்கள், எலிக்காய்ச்சல் வரும். அவருக்குப் பிளேன்ரீ பொறுப்பு.

பிறகு வீடு வீடாகப் போங்கள். 64 வீட்டுக்கும் நீங்கள் ஒருவரே போகாதீர்கள், துண்டுக்கு ஒரு ஆளைப் பிடித்து அவரை அனுப்புங்கள். கேட்கும் விதம்: “மாமி, சனிக்கிழமை விடிய ஆறரைக்கு உங்கட மண்வெட்டியோட வாங்க. மதகடியில இருந்து புளியமரம் மட்டும் நீங்களும் பக்கத்து வீட்டு மூணு பேரும். எட்டரைக்கு முடிஞ்சிரும். வருவீங்களா?” கேட்டுவிட்டு வாயை மூடிக்கொண்டு நில்லுங்கள். “ஏலுமெண்டா வாங்க” என்று நீங்களே கதவைத் திறந்துவிடாதீர்கள். ஓம் என்று அவர் வாயால் வர வேண்டும். தலையாட்டல் காணாது. வட்ஸ்அப் பெருவிரலும் காணாது. மாட்டேன் என்பார்களோ என்று பயப்படுகிறீர்கள், எல்லாருக்கும் அந்தப் பயம் உண்டு. பிராங்க் பிளினும் வனேசா லேக்கும் 2008இல் காட்டியது இதைத்தான்: 5 பேரிடம் ஒரு படிவத்தை நிரப்பி எடுக்க 20 பேரையாவது கேட்க வேண்டிவரும் என்று ஆட்கள் நினைத்தார்கள், சுமார் 10 பேரைக் கேட்டதுமே காரியம் முடிந்தது.

மைக்கை வெள்ளிக்கிழமை பின்னேரம் பாவியுங்கள். யார் எந்தத் துண்டு என்று பேர் வாசிக்க மட்டும். சனிக்கிழமை முடிந்ததும் துப்புரவான வடிகானின் படத்தை, செய்தவர் பேரோடு அன்றே குழுவில் போடுங்கள்.

தனியாக இவ்வளவையும் இழுத்துக்கொண்டு, மனம் வெறுத்துத்தான் கடிதம் எழுதியிருக்கிறீர்கள். அது எனக்கு விளங்காமல் இல்லை. ஆனாலும் முதலில் அந்த அறிவித்தலைக் கிழித்துப் போடுங்கள். இன்று பின்னேரமே அந்த 11 வீட்டுக்கும் போய், போன முறை வந்ததற்கு நன்றி சொல்லுங்கள். துண்டுக்கு ஒரு ஆள் என்றேனே, அவர்களை அங்கேயே பிடித்துக்கொள்ளலாம்.