தாயைப் பார்த்துவிட்டுக் குட்டி வாங்குங்கள்

கால்நடை மருத்துவர் பதில்கள்

கேள்வி: பிள்ளைகள் லேப்ரடார் குட்டி கேட்டு அடம்பிடிக்கிறார்கள். திருப்பூரில் ஒருவர் வாட்ஸ்அப்பில் படம் அனுப்பினார். 35 நாள் குட்டி, டபுள் போன், பேப்பர் வேண்டுமென்றால் தனியாக ஐயாயிரம் என்கிறார். பாதிப் பணத்தை அனுப்பினால் பெருந்துறை பைபாஸில் கொண்டுவந்து தருவாராம். வாங்கலாமா? நல்ல பிரீடரை (நாய் வளர்த்துக் குட்டி விற்பவரை) எப்படித் தெரிந்துகொள்வது?
- வாசகி, கோபிசெட்டிபாளையம்

பதில்: வேண்டாம் அம்மிணி. ஒரு ரூபாய்கூட அனுப்பாதீர்கள்.

காங்கேயம் காளை வாங்கப் போனால் நம் ஆட்கள் பல்லைப் பிடித்துப் பார்ப்பார்கள், சுழி பார்ப்பார்கள், நடக்கவிட்டுப் பார்ப்பார்கள், தாய் மாடு எப்படி என்று விசாரிப்பார்கள். பத்துப் பன்னிரண்டு வருசம் பிள்ளைகளோடு வளரப்போகிற நாயை மட்டும் போனில் படம் பார்த்து வாங்கிவிடுகிறோம். என்னிடம் ரத்தக் கழிச்சலோடு வந்த குட்டிகளில் பல இப்படி ரோட்டோரத்தில் கைமாறியவை. அதனால்தான் இவ்வளவு கறாராகச் சொல்கிறேன்.

முதலில் வயது. 2017-ல் வந்த மத்திய அரசு விதிப்படி எட்டு வாரம் ஆகாத குட்டியை விற்கக் கூடாது. காரணம் இருக்கிறது. இந்த வாரங்களில்தான் குட்டிகள் ஒன்றையொன்று கடித்து விளையாடும். பலமாகக் கடித்தால் மற்றது வீலென்று கத்தி விலகிவிடும், தாயும் உறுமும். எவ்வளவு கடிக்கலாம் என்பதைக் குட்டி அங்கேதான் படிக்கிறது. அதற்கு முன்பே பிரித்துவந்தால் அந்தப் பாடம் உங்கள் பிள்ளைகளின் கையில்தான் நடக்கும். விற்பவர் சொல்லும் வயதை அப்படியே நம்ப வேண்டாம், வாயைத் திறந்து பாருங்கள். இரண்டு மாதக் குட்டிக்கு 28 பால் பற்களும் இருக்க வேண்டும். முன்பற்கள் மட்டும் வந்து பின்னால் வெறும் ஈறாக இருந்தால் அது இன்னும் பால்குடிதான்.

டபுள் போன் என்பது வியாபாரப் பேச்சு. அப்படி ஓர் எலும்பும் கிடையாது, அப்படி ஒரு ரகமும் கிடையாது. கொழுகொழுவென்று தெரியக் குட்டிக்கு அளவுக்கு மீறித் தீனி போடுகிறவர்களும் உண்டு. லேப்ரடாருக்கு ஏற்கெனவே இடுப்பு மூட்டுக் கோளாறு பரம்பரையாக வரக்கூடியது, வளரும்போது எடை கூடினால் அது இன்னும் மோசமாகும். தாய் தகப்பனுக்கு இடுப்பு எக்ஸ்ரே எடுத்திருக்கிறீர்களா என்று கேளுங்கள். கேள்வியே புரியாமல் முழிக்கிறவரிடம் வாங்காதீர்கள்.

பேப்பர், அதாவது வம்சச் சான்று, தனியாக விலைக்கு வரும் சரக்கல்ல. தாயும் தகப்பனும் நாய்களின் வம்சத்தைப் பதிவு செய்யும் கென்னல் கிளப் ஆஃப் இந்தியாவில் பதிவாகியிருந்தால் அந்த ஈற்றில் பிறந்த குட்டிகளைப் பதியலாம், இல்லையென்றால் முடியாது. காகிதத்தில் உள்ள மைக்ரோசிப் எண்ணையும், குட்டியின் தோலுக்கடியில் வைத்திருக்கும் அந்தச் சின்னச் சில்லில் உள்ள எண்ணையும் ஸ்கேனரில் ஒத்துப் பாருங்கள். அப்படி ஒத்துப்போனாலும் அது வம்சத்துக்குத்தான் சாட்சி, ஆரோக்கியத்துக்கு அல்ல.

சரி, நல்ல ஆளை எப்படி அறிவது? குட்டியைப் பார்க்கப் போகாதீர்கள், தாயைப் பார்க்கப் போங்கள். அது வளரும் இடத்துக்கே போங்கள், வாசலிலேயே குட்டியைத் தூக்கிவந்து காட்டினால் திரும்பிவிடுங்கள். 'இதுதான் தாய்' என்று வேறொரு பெட்டையைக் காட்டுவதும் நடக்கிறது. அடிவயிற்றைப் பாருங்கள். இரண்டு மாதம் முன்பு ஈன்ற நாய்க்கு மடி தொங்கி, காம்புகள் பெரிதாகத் தெரியும். வயிறு இறுகி, காம்பு சின்னதாக இருந்தால் அது தாயல்ல. தாய் வாலாட்டிக்கொண்டு வருகிறதா, மூலையில் பதுங்குகிறதா என்பதும் முக்கியம். பயந்த தாயின் குட்டிக்கும் அந்தப் பயம் வரும். அப்புறம், எத்தனை முறை குட்டி போட்டது என்று கேளுங்கள். அதே 2017 விதிப்படி பதினெட்டு மாதம் ஆகாத பெட்டையை இனச்சேர்க்கைக்கு விடக் கூடாது, ஆயுளில் ஐந்து ஈற்றுக்கு மேல் கூடாது. மாநில விலங்குகள் நல வாரியப் பதிவுச் சான்று இருக்கிறதா என்றும் கேளுங்கள். கேட்பது உங்கள் உரிமை.

நல்ல பிரீடர் உங்களையும் கேள்வி கேட்பார். பொள்ளாச்சிப் பக்கம் தென்னந்தோப்பில் லேப்ரடார் வளர்க்கும் ஒருவரை எனக்குத் தெரியும். வருகிறவர்களின் பிள்ளைகளைத் தரையில் உட்காரவைத்து, குட்டிகளை அவிழ்த்துவிட்டு, ஒன்றும் பேசாமல் பார்த்துக்கொண்டிருப்பார். பகலில் வீட்டில் யார் இருப்பார்கள், சங்கிலியில் கட்டிவைப்பீர்களா என்றெல்லாம் கேட்பார். திருப்தி இல்லையென்றால் குட்டி கிடையாது. வளர்க்க முடியாமல் போனால் வேறு யாருக்கும் தள்ளிவிடாமல் தன்னிடமே திருப்பித் தர வேண்டும் என்பார். இப்படிப்பட்டவர்களை உங்கள் ஊர்க் கால்நடை மருத்துவருக்குத் தெரிந்திருக்கும். கோவையில் நாய்க் கண்காட்சி நடக்கும்போது போனாலும் பேசிப் பழகலாம். அடுத்த ஈற்றுவரை காத்திருக்கச் சொன்னால் காத்திருங்கள்.

தடுப்பூசி அட்டையில் மருந்துப் புட்டியின் ஸ்டிக்கரும் மருத்துவரின் கையெழுத்தும் முத்திரையும் இருக்க வேண்டும், பேனாவால் எழுதின தேதி மட்டும் போதாது. குட்டி வீட்டுக்கு வந்த இரண்டொரு நாளில் மருத்துவரிடம் காட்டுங்கள். ரத்தக் கழிச்சலைக் கொண்டுவரும் பார்வோ கிருமி ஏறியிருந்தாலும் வெளியே தெரியச் சில நாள் ஆகும்.

கேள்வி: தோட்டத்துக் காவலுக்கு ராஜபாளையம் வாங்கப்போகிறேன். நீலக் கண் குட்டி விசேஷம் என்று கூடுதல் விலை சொல்கிறார்கள். உண்மையா?
- வாசகர், தாராபுரம்

பதில்: கூடுதல் விலை கொடுக்காதீர்கள். வெள்ளை உடம்போடு நீலக் கண்ணும் சேர்ந்தால் பிறவியிலேயே காது கேளாமல் இருக்கும் வாய்ப்பு அதிகம். மற்றக் குட்டிகளோடு இருக்கும்போது அது தெரியாது, அவை ஓடினால் இதுவும் ஓடும். தனியாகப் பிரித்து, பார்வையில் படாமல் பின்னால் நின்று சாவிக்கொத்தை ஆட்டுங்கள். திரும்பவே இல்லையென்றால் சந்தேகம்தான். சத்தம் வந்த பக்கத்தை விட்டு எதிர்ப்பக்கம் திரும்பினால் ஒரு காது கேட்காமல் இருக்கலாம். ஒரு காது போன குட்டி வீட்டில் வளர நன்றாகவே வளரும். ஆனால் ராத்திரித் தோட்டக் காவலுக்குச் சரிப்படாது, அதை இனச்சேர்க்கைக்கும் விடக் கூடாது.