ஃபிளிப் வீடு வாங்கலாமா? கொழிஞ்சாம்பாறைத் தம்பிக்கு ஒரு பதில்

தம்பி, நீங்கள் கேட்டிருப்பது இரண்டு கேள்வி. அமெரிக்காவில், ஒஹையோ மாநிலத்துக் கொலம்பஸில் 1956-இல் கட்டிய ஒரு வீட்டை ஓர் இன்வெஸ்டர் ஜனவரி தொடக்கத்தில் 1,40,000 டாலருக்கு வாங்கி, உள்ளே எல்லாவற்றையும் மாற்றி, மே மாதம் 2,89,000-க்கு விற்பனைக்குப் போட்டிருக்கிறார். இப்படி வாங்கிப் புதுப்பித்து உடனே விற்பதைத்தான் ஃபிளிப் என்கிறார்கள். முன்னால் எப்படி இருந்தது, இப்போது எப்படி இருக்கிறது என்ற படங்களைப் பார்த்ததிலிருந்து உங்கள் வீட்டுக்காரம்மாவுக்கு வேறு வீடே பிடிக்கவில்லை. அதை வாங்கலாமா என்பது ஒன்று. நாலே மாதத்தில் விலை இரட்டிப்பாகிறதே, ஊரில், வண்ணாமடையில் மாமனார் தோப்பில் ஒரு பாகத்தை விற்றுப் பணம் அனுப்பத் தயாராக இருக்கிறாரே, நாமே இந்தத் தொழிலில் இறங்கினால் என்ன என்பது இன்னொன்று.

முதல் கேள்விக்கு என் பதில், வாங்கலாம். ஆனால் படத்தில் இல்லாததை எல்லாம் பார்த்த பிறகு. இரண்டாவதற்கு, இப்போதைக்கு வேண்டவே வேண்டாம்.

நம் பக்கத்து ஆட்கள் இந்தப் படங்களில் மயங்குவதற்கு ஒரு காரணம் இருக்கிறது. கொழிஞ்சாம்பாறையில் ஒரு பழைய ஓட்டு வீட்டைப் புதுசாக்க வேண்டுமென்றால் சுவரை இடிக்கவே நாலு ஆள் வேண்டும். கொத்தனார் இன்றைக்கு வருகிறேன் என்பார், பொள்ளாச்சியில் வேலை இருக்கிறது என்று போய்விடுவார். பூச்சு காய வேண்டும், தண்ணீர் ஊற்ற வேண்டும், ஒரு அறை முடிவதற்குள் மழை பிடித்துக்கொள்ளும். அதனால் ஒரு வீடு இவ்வளவு மாறியிருக்கிறது என்றால் அடி முதல் முடி வரை வேலை நடந்திருக்கும் என்று நாம் நினைத்துக்கொள்கிறோம். இங்கே வீடு என்பது மரச்சட்டம். சட்டத்தின் மேல் ஜிப்சம் பலகை, பலகையின் மேல் பெயின்ட். இரண்டு பேர் சேர்ந்தால் பழைய பலகையைப் பிய்த்து, புதியதை அடித்து, ஒட்டுத் தெரியாமல் பூசித் தேய்த்து, ஒரு வாரத்தில் அறையைப் புது அறையாக்கிவிடுவார்கள். அந்தப் பலகைக்குப் பின்னால் ஓடும் ஒயரும் குழாயும் 1956-இலேயே நின்றுகொண்டிருக்கலாம். படத்தில் எதுவும் தெரியாது.

இன்வெஸ்டரைத் திருடன் என்று சொல்லவில்லை. அவர் கணக்கு அப்படி. இந்தத் தொழிலில் எழுபது சதவீதக் கணக்கு என்று ஒன்று சொல்வார்கள். வேலை முடிந்த பிறகு வீடு என்ன விலைக்குப் போகுமோ அதில் 70 சதவீதத்தை எடு, அதில் ரிப்பேர் செலவைக் கழி, மிச்சத்துக்கு மேல் கொடுத்து வாங்காதே. நீங்கள் சொன்ன வீட்டுக்குப் போட்டுப் பாருங்கள். 2,89,000-இல் 70 சதவீதம் ஏறக்குறைய 2,02,000. வாங்கியது 1,40,000. ஆக, அவர் இந்தக் கணக்குப்படி நடந்திருந்தால் ரிப்பேருக்கு ஒதுக்கியது சுமார் 60,000 டாலர். இது என் ஊகம்தான், ஆனால் பெரிதாகத் தப்பாது. அந்தப் பணத்தில் வெள்ளைக் கேபினெட், குவார்ட்ஸ் மேடை, ஸ்டீல் அடுப்பு, ஃபிரிட்ஜ், இரண்டு பாத்ரூம், வீடு முழுக்க வினைல் பலகைத் தரை, கூரையில் பதித்த எல்.இ.டி. விளக்கு, கறுப்புக் கைப்பிடி, எங்கு பார்த்தாலும் அந்தச் சாம்பல் பெயின்ட். இவ்வளவும் முடிந்த பிறகு கூரைக்கும் வீட்டைச் சூடாக்கும் ஃபர்னஸுக்கும் கழிவுக் குழாய்க்கும் எலெக்ட்ரிக் பேனலுக்கும் என்ன மிஞ்சியிருக்கும் என்று நீங்களே யோசியுங்கள்.

மிச்ச முப்பது சதவீதமும் அவர் பைக்குள் போவதில்லை. பெரும்பாலும் குறுகிய காலக் கடன் வாங்கித்தான் செய்வார்கள். ஹார்ட் மணி என்பார்கள், பேங்க் வட்டியைவிட நன்றாகவே கூடுதல். அது போக ஏஜென்ட் கமிஷன், சொத்து வரி, இன்ஷூரன்ஸ், குளோசிங் என்கிற பத்திரம் முடிக்கும் செலவு. வீடு கையில் இருக்கும் ஒவ்வொரு மாதமும் நஷ்டம். அதனால் எல்லாம் அவசரம். நான் பார்த்தவரை குறைகளில் பாதி கெட்ட எண்ணத்தால் வந்தவை இல்லை, அந்த அவசரத்தால் வந்தவை.

போன குளிர்காலத்தில் ஒரு நண்பர் குடும்பத்துக்காக இதே மாதிரி ஒரு வீட்டைப் பார்க்கப் போயிருந்தோம். படங்களில் பாத்ரூம் ஓட்டல் பாத்ரூம் மாதிரி இருந்தது, நேரிலும் அப்படித்தான். வீட்டைச் சோதிக்க அமர்த்திய இன்ஸ்பெக்டர் பரணில் ஏறிப்போய், மேலே இருந்தே எங்களைக் கூப்பிட்டார். ஏணியில் நின்று தலையை நீட்டிப் பார்த்தேன். பாத்ரூம் ஈரக்காற்றை வெளியே தள்ளும் ஃபேன் புதியது, பளபளப்பானது. அதன் குழாய் கூரைக்கு வெளியே போகவில்லை. பரணிலேயே இன்சுலேஷன் மேல் சும்மா கிடந்தது. குளிக்கிறவர்களின் ஆவி முழுக்க அங்கேதான் சேர்ந்திருக்கிறது. கூரைப் பலகையின் உட்புறம் கறுத்துத் திட்டுத்திட்டாகப் பூஞ்சை. கீழே பேஸ்மென்டில் வெள்ளைப் பெயின்ட் மணம் இன்னும் போகவில்லை. சுவர் முழுவதும் அடிக்காமல், தரையிலிருந்து இடுப்பளவு மட்டும் ஏன் அடித்தார்கள் என்று கேட்டேன். இன்ஸ்பெக்டர் பதில் சொல்லாமல் ஈரமானியை அங்கே வைத்துக் காட்டினார். ஒஹையோவில் பேஸ்மென்ட் சுவரில் தண்ணீர் கசிவது சகஜம், அது தனியாகப் பயப்பட வேண்டிய விஷயமும் இல்லை. மூடி மறைத்திருப்பதுதான் பிரச்சினை.

நீங்களே செய்யக்கூடியவை சில. ஹார்டுவேர் கடையில் பத்துப் பதினைந்து டாலருக்கு பிளக் டெஸ்டர் கிடைக்கும். வாங்கி ஒவ்வொரு அறையிலும் செருகிப் பாருங்கள். பழைய வீடுகளில் எர்த் ஒயரே இல்லாத இடத்தில் மூன்று ஓட்டை பிளக்கை மாட்டி வைத்திருப்பார்கள். பார்வைக்குப் புதுசு, டெஸ்டர் காட்டிக் கொடுத்துவிடும். கிச்சன் சிங்க்குக்குக் கீழே கதவைத் திறந்து குழாயைப் பாருங்கள், மடிப்பு மடிப்பான பிளாஸ்டிக் குழாய் போட்டிருந்தால் அந்த பிளம்பர் மற்ற இடங்களில் என்ன செய்திருப்பார் என்று தெரிந்துவிடும். வாட்டர் ஹீட்டர், ஃபர்னஸ் இரண்டின் லேபிளையும் போட்டோ எடுத்து, சீரியல் எண்ணை வைத்து எந்த வருஷத்தது என்று தேடுங்கள். டாங்க் வைத்த ஹீட்டருக்குப் பொதுவாக 10, 12 வருஷம்தான் ஆயுள். ஹாலுக்கும் கிச்சனுக்கும் நடுவே இருந்த சுவர் ‘பின்’ படத்தில் காணவில்லை என்று எழுதியிருந்தீர்கள். அது பாரம் தாங்கும் சுவரா, அதற்குப் பதில் பீம் போட்டார்களா, பீமின் முனைக்கு நேர்கீழே பேஸ்மென்டில் தூண் இருக்கிறதா என்று கட்டாயம் பார்க்க வேண்டும். எனக்கு அந்த வீட்டில் மிகவும் உறுத்துவது இதுதான்.

கழிவுக் குழாயைக் கேமரா விட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். அந்தக் காலத்து வீடுகளில் வீட்டிலிருந்து தெருவுக்குப் போகும் குழாய் பெரும்பாலும் மண் குழாய்தான், முற்றத்தில் பெரிய மேப்பிள் மரம் இருந்தால் வேர் உள்ளே புகுந்திருக்கும். கேமராவுக்குச் சில நூறு டாலர் ஆகும். குழாயைத் தோண்டி மாற்றுவது பல ஆயிரம். சாதாரண இன்ஸ்பெக்ஷனில் இது சேராது, தனியாகக் கேட்க வேண்டும். ரேடானும் அப்படியே. நிலத்திலிருந்து வரும் வாயு அது, ஒரு லிட்டர் காற்றில் 4 பிகோகியூரியோ அதற்கு மேலோ இருந்தால் சரிசெய்ய வேண்டும் என்பது இங்கத்திய சுற்றுச்சூழல் துறையின் அளவு.

குழந்தை தவழ ஆரம்பித்திருக்கிறது என்றீர்கள். அதனால் இதையும் சொல்லிவிடுகிறேன். வீட்டுப் பெயின்டில் ஈயம் கலப்பதை இங்கே தடை செய்தது 1978-இல். அதற்கு முந்தைய வீட்டில் பழைய ஜன்னலையும் கதவையும் தேய்த்துப் புதுப் பெயின்ட் அடித்தால் ஈயத்தூசி வீடெல்லாம் பரவும். அப்படிப்பட்ட வீட்டை விற்பவர் தனக்குத் தெரிந்த ஈய விவரத்தை எழுதிக் கொடுக்க வேண்டும், நீங்கள் சோதனை செய்துகொள்ள 10 நாள் அவகாசமும் தர வேண்டும். காண்டிராக்டருக்கு ஈய வேலைச் சான்றிதழ் இருந்ததா என்று கேட்கவும் கூச்சப்பட வேண்டாம்.

அடுத்தது காகிதம். கேரளத்துச் சித்தூர் தாலூகாவில் தமிழராகப் பிறந்த நமக்கு இது புதிதில்லை. மலையாளத்தில் இருக்கும் ஆதாரத்தை, அதாவது பத்திரத்தை, மலையாளம் தெரிந்த ஒருவரைப் பக்கத்தில் உட்கார வைத்து, வரி வரியாக வாசிக்கச் சொல்லிக் கேட்டு, வில்லங்கம் போட்டுப் பார்த்த பிறகுதானே அட்வான்ஸ் கொடுப்போம்? அதே பொறுமையை இங்கே இங்கிலீஷ் காகிதத்திலும் காட்டுங்கள். நமக்குத்தான் இங்கிலீஷ் தெரியுமே என்ற நினைப்பில் காட்டிய இடத்தில் எல்லாம் கையெழுத்துப் போட்டுவிடுகிறோம். மாவட்டச் சொத்து விவரங்களை வைத்திருக்கும் கவுண்டி ஆடிட்டர் இணையத்தளத்தில் முகவரியைப் போட்டால் வீடு யார் கையிலிருந்து யார் கைக்கு, எந்தத் தேதியில், என்ன விலைக்குப் போனது என்று இலவசமாகத் தெரியும். நகரத்தின் கட்டட அனுமதிப் பக்கத்தில் அதே முகவரிக்கு எலெக்ட்ரிக்கல், பிளம்பிங், ஸ்ட்ரக்சர் பெர்மிட் எடுத்தார்களா, இறுதிப் பரிசோதனை முடிந்ததா என்று பாருங்கள். சுவரை எடுத்திருக்கிறார், பெர்மிட் இல்லை என்றால் ஏஜென்ட் எவ்வளவு சிரித்துப் பேசினாலும் நான் அடுத்த வீட்டுக்குப் போய்விடுவேன்.

விற்பவர் தரும் குறை விவரப் படிவத்தை நம்பியிருக்க வேண்டாம். ஒஹையோவில் விற்பவர் தனக்குத் தெரிந்ததை மட்டும் எழுதினால் போதும். அந்த வீட்டில் ஒரு ராத்திரிகூடத் தூங்காத இன்வெஸ்டருக்கு என்ன தெரியும்? எல்லாக் கட்டத்திலும் ‘தெரியாது’ என்று இருக்கும், அது சட்டப்படி சரியாகவும் இருக்கலாம். இன்னொன்று, வேலை செய்த பிளம்பருக்கும் கூரைக்காரருக்கும் பணம் பாக்கி வைத்திருந்தால் அவர்கள் வீட்டின் மேலேயே உரிமை கோரிப் பதிவு செய்ய முடியும். அதனால் சொத்துரிமைச் சிக்கலுக்காகப் பேங்க் பேரில் எடுக்கும் டைட்டில் இன்ஷூரன்ஸோடு நிற்காமல், உங்கள் பேரில் ஓனர்ஸ் பாலிசியும் எடுங்கள். இந்த மாதிரிப் பாக்கிக்கு அதில் கவரேஜ் உண்டா என்று குளோசிங்குக்கு முன்பே கேளுங்கள்.

மத்திய அரசு காப்புறுதி தரும் எஃப்.எச்.ஏ. கடனில் இதற்கென்றே ஒரு கடிவாளம் இருக்கிறது. விற்பவர் வாங்கி 90 நாள் முடியாமல் ஒப்பந்தம் போட்டால் கடன் கிடையாது. 91-இலிருந்து 180 நாளுக்குள், வாங்கிய விலைக்கு இரண்டு மடங்கோ அதற்கு மேலோ விற்றால் வேறொருவரை வைத்து இரண்டாவது மதிப்பீடு செய்ய வேண்டும், அதன் செலவை வாங்குபவர் தலையில் கட்டக்கூடாது. உங்கள் வீடு அப்படியே இந்த வரையறைக்குள் வருகிறது. ஆனால் 2025 மே மாதக் கடைசியிலிருந்து எச்-1பி போன்ற தற்காலிக விசாக்காரர்களுக்கு எஃப்.எச்.ஏ. இல்லை. எச்-1பி-யில் இருக்கும் நீங்கள் அரசு காப்புறுதி இல்லாத கன்வென்ஷனல் கடன்தான் வாங்கப்போகிறீர்கள். அந்த இரண்டாவது பார்வை உங்களுக்குத் தானாகக் கிடைக்காது என்பதால்தான் இவ்வளவு நீட்டி எழுதுகிறேன்.

என்னைக் கேட்டால் ‘முன்’ படத்தில் இருக்கும் வீட்டைத் தேடுங்கள் என்பேன். நாங்கள் வாங்கியது அப்படித்தான். ரோஜாப்பூ வால்பேப்பர், இளஞ்சிவப்பு பாத்ரூம் ஓடு, நடக்கும்போது கிறீச்சிடும் மரத்தரை. அம்மா வீடியோ காலில் பார்த்துவிட்டு, இதற்கா இவ்வளவு பணம் என்று இரண்டு நாள் பேசவில்லை. ஆனால் ஒரு வயதான தம்பதி நாற்பது வருஷம் குடியிருந்த வீடு அது. கூரை மாற்றிய பில் வரை ஃபைலில் வைத்திருந்தார்கள். குறை எல்லாம் கண்ணுக்கு முன்னால் இருந்தது, விலையிலும் கழிந்திருந்தது. குடியிருந்துகொண்டே கையில் காசு வரும்போது ஒவ்வொன்றாக மாற்றினோம். அடுக்களையை மட்டும் இன்னும் தொடவில்லை. இதில் வரியும் உதவுகிறது: சொந்த வீட்டில் ஐந்து வருஷத்தில் இரண்டு வருஷமாவது குடியிருந்து விற்றால், கணவன் மனைவி சேர்ந்து தாக்கல் செய்யும்போது 5,00,000 டாலர் வரை லாபத்துக்கு மத்திய வருமான வரி கிடையாது.

இனி உங்கள் இரண்டாவது கேள்வி. எச்-1பி விசாவில் உங்களுக்கு மனு போட்ட கம்பெனி வேலையை மட்டுமே செய்யலாம். வீடு வாங்குவது தவறில்லை. வாங்கி, ஆள் வைத்து வேலை வாங்கி, விற்று, மறுபடி வாங்குவது தொழில். கிரீன் கார்டு வரிசையில் நிற்கும்போது அதில் கை வைக்க வேண்டாம். வைப்பதாக இருந்தால் முதலில் ஓர் இமிக்ரேஷன் வக்கீலிடம் கேளுங்கள், நண்பர்களிடம் இல்லை. தொழிலாகச் செய்தால் அந்த லாபம் சாதாரண வருமானம், அதன்மேல் சுயதொழில் வரி 15.3 சதவீதம் தனி. பெரிய கம்ப்யூட்டர் கணக்கெல்லாம் வைத்து வீடு வாங்கி விற்ற ஜில்லோ என்ற பெரிய வீட்டு விற்பனை இணையக் கம்பெனியே 2021 நவம்பரில் அந்தப் பிரிவை இழுத்து மூடுவதாக அறிவித்தது. வாங்கிய விலைக்கு வீடுகள் போகவில்லை. மாமனார் காய்க்கிற தோப்பை விற்று அதில் போட வேண்டுமா? தோப்பு அப்படியே இருக்கட்டும் தம்பி. உங்கள் வீட்டு முன்பணத்துக்கு உதவ ஆசைப்பட்டால், அது அன்பளிப்பு, திருப்பித் தர வேண்டியதில்லை என்று அவர் கையெழுத்துப் போட்ட கடிதத்தைக் கடன் கொடுக்கும் பேங்க் கேட்கும். அதை மட்டும் இப்போதே தயார் செய்து வையுங்கள்.

சனிக்கிழமை ஓபன் ஹவுஸ், அதாவது யாரும் வந்து வீட்டைப் பார்க்கலாம் என்றால் நானும் எங்கள் வீட்டுக்காரரும் வருகிறோம், டெஸ்டர் எங்களிடமே இருக்கிறது. அதற்குள் பெர்மிட் பக்கத்தைப் பார்த்து, அந்தச் சுவருக்கு அனுமதி வாங்கியிருக்கிறாரா என்று எழுதுங்கள். வாங்கவில்லை என்றால் நாம் அவ்வளவு தூரம் பெட்ரோல் செலவழித்துப் போக வேண்டியதில்லை.