அமெரிக்க இடைக்காலத் தேர்தல் முடிவுகள் எதைக் காட்டுகின்றன?

அமெரிக்க அதிபரின் நான்காண்டுப் பதவிக்காலத்தின் நடுவில் வருவதுதான் இடைக்காலத் தேர்தல். (நம் ஊர் இடைத்தேர்தல் வேறு.) நாடாளுமன்றத்தின் கீழவையான பிரதிநிதிகள் சபையின் 435 இடங்களுக்கும், மேலவையான செனட்டில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குக்கும் வாக்களிப்பார்கள். அதிபர் பெயர் வாக்குச்சீட்டில் இருக்காது; ஆனாலும் அடி விழுவது பெரும்பாலும் அவர் கட்சிக்குத்தான்.

காரணம், யார் வாக்களிக்க வருகிறார்கள் என்பதுதான். தெருவில் குடிநீருக்காகக் கூட்டம் போட்டால், குழாயில் வெறும் காற்று வருகிற வீட்டுக்காரர் காலிக் குடத்தோடு முதல் ஆளாக வந்து நிற்பார். தண்ணீர் வருகிறவர் 'அப்புறம் பார்க்கலாம்' என்று இருந்துவிடுவார். இடைக்காலத் தேர்தலிலும் அப்படித்தான்; அதிபர் தேர்தலைவிட வாக்குப்பதிவு குறைவு. கோபக்காரர்களின் குரல்தான் ஓங்கி ஒலிக்கும்.

சரி, ஆளும் தரப்புக்கே கோபம் வந்தால்? 2022 ஜூனில் நாடு தழுவிய கருக்கலைப்பு உரிமையை உச்ச நீதிமன்றம் ரத்து செய்தது. அதில் கொதித்தவர்கள் பெரும்பாலும் அப்போதைய அதிபர் பைடனின் ஆதரவாளர்கள்தான். விலைவாசி எகிறியிருந்தும், அந்த நவம்பரில் அவர் கட்சி பிரதிநிதிகள் சபையில் பெரும்பான்மையைச் சிறு வித்தியாசத்தில்தான் இழந்தது; செனட்டில் ஓரிடம் கூடுதலாகவே பெற்றது. என்னைக் கேட்டால், வாக்காளரை வீட்டை விட்டுக் கிளப்புவது கட்சியைவிடப் பிரச்சினைதான்.

இடைக்காலத் தேர்தலில் அடிவாங்கிய அதிபர் அடுத்த அதிபர் தேர்தலிலும் தோற்பார் என்று பலர் நினைக்கிறார்கள்; 1994-ல் கிளிண்டன் கட்சியும் 2010-ல் ஒபாமா கட்சியும் சபையையே இழந்தன, ஆனால் இருவரும் இரண்டே ஆண்டுகளில் மறுபடி அதிபரானார்கள்.