வாசகர் கேள்வி – பதில்: நோயுற்ற தோழியின் பெயரில் நிதி

கேள்வி: எங்கள் அலுவலகத்தில் பதினெட்டு ஆண்டுகளாக உடன் பணியாற்றிவரும் தோழி ஒருவருக்கு இரத்தப் புற்றுநோய் இருப்பது நான்கு மாதங்களுக்கு முன் தெரியவந்தது. சென்னையில் சிகிச்சை பெற்றுவருகிறார். செலவின் பெரும்பகுதியைக் காப்பீடு ஏற்றுக்கொண்டிருப்பதால், அவர் பெயரில் நிதி திரட்டி, வசதியற்ற புற்றுநோயாளிகளின் சிகிச்சைக்கு வழங்க விரும்புகிறோம். மேலாளரும் ஊழியர் சங்கமும் ஒப்புக்கொண்டுவிட்டனர். அவருடைய புகைப்படத்துடன் வாட்ஸ்அப்பில் வேண்டுகோள் அனுப்பவும், அடுத்த மாதம் அவருடைய பிறந்தநாளன்று விழா நடத்தி அவரை மேடைக்கு அழைக்கவும் எண்ணியிருக்கிறோம். பணத்தை எப்படிச் சேர்ப்பது, யார் கணக்கில் வைப்பது?
— வாசகி, ஈரோடு

பதில்: உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். மேலாளரைக் கேட்டிருக்கிறீர்கள், சங்கத்தைக் கேட்டிருக்கிறீர்கள். தோழியைக் கேட்டதாக ஒரு வரியும் இல்லை. அவரை வியப்பில் ஆழ்த்த வேண்டும் என்ற அன்பினால்தான் சொல்லாமல் வைத்திருக்கிறீர்கள் என்று புரிகிறது. ஆனாலும், பணம் எந்தக் கணக்கில் இருக்க வேண்டும் என்பதைவிட இதுதான் முதலில் தீர வேண்டிய கேள்வி.

புற்றுநோயை வெளியில் சொல்லத் தயங்கும் குடும்பங்கள் நம்மிடையே இன்னும் பல இருக்கின்றன. மகளுக்கு வரன் பார்க்கும் நேரத்தில் தாயின் நோய் வெளியே தெரிந்தால் சம்பந்தம் தட்டிப்போகுமோ என்று அஞ்சுகிறவர்களை நான் அறிவேன். அந்த அச்சம் தவறானது என்று நாம் கருதினாலும், அதைச் சுமப்பவர்கள் அவர்கள்தாம். பல ஆண்டுகளுக்கு முன் நான் வேலை பார்த்த இடத்தில், நோயுற்ற நண்பர் ஒருவரின் படத்தைப் பெரிதாக அச்சிட்டு வாசலில் ஒட்டி நிதி திரட்டினோம். அவர் குணமாகி வேலைக்குத் திரும்பிய பிறகும் அந்தப் படம் அங்கேயே இருந்தது; அதைக் கடக்க மனமில்லாமல் அவர் சில வாரங்கள் பின்படிக்கட்டு வழியாக ஏறி வந்தார் என்பது எங்களுக்கு வெகு நாள் கழித்துத்தான் தெரிந்தது. சுவரொட்டியையாவது கிழித்துவிடலாம், வாட்ஸ்அப்பில் கைமாறிப் பரவிவிட்ட படத்தைத் திரும்பப் பெற வழியில்லை.

ஆகவே, அவருக்கு மிக நெருக்கமான ஒருவர் மட்டும், மருத்துவமனையில் அல்லாமல் அவர் சற்றுத் தெம்பாக இருக்கும் ஒரு நாளில், தனியாகப் பேசட்டும். ‘வேண்டாம்’ என்று சொல்வது அவருக்கு எளிதாக இருக்கும்படி கேட்க வேண்டும். பெயர் போடாமலும் இதைச் செய்யலாம் என்பதைக் கேட்பவரே முதலில் சொல்லிவிடுவது நல்லது. காப்பீடு ஏற்காத செலவுகளால் அவர் குடும்பம் திணறுகிறதா என்பதையும் அப்போதே மெல்ல விசாரியுங்கள். ஈரோட்டுக்கும் சென்னைக்கும் அலைவது, அங்கே அறை எடுத்துத் தங்குவது, துணைக்கு இருப்பவர் இழக்கும் ஊதியம் ஆகியவை பெரும்பாலும் காப்பீட்டுப் பட்டியலில் வருவதில்லை. புற்றுநோய்ச் சிகிச்சைக்காகப் பயணம் செய்பவருக்கும் உடன் செல்பவருக்கும் ரயில் கட்டணச் சலுகை உண்டு. அதை அவர்கள் பெற்றிருக்கிறார்களா என்று பாருங்கள்.

அவர் சம்மதித்தால், பணத்தை எவருடைய சொந்தக் கணக்கிலும் சேர்க்காதீர்கள். உறவினர் அல்லாதவர்களிடமிருந்து ஒருவர் ஒரு நிதியாண்டில் பெறும் அன்பளிப்பு மொத்தம் 50,000 ரூபாயைத் தாண்டினால், முழுத் தொகையும் அவருடைய வருமானமாகக் கருதப்பட்டு வரிக்கு உள்ளாகும். பிறருக்காகத் திரட்டிய பணம் என்பதை நிறுவும் பொறுப்பு பிறகு கணக்கு வைத்திருப்பவர் தலையில் விழும். நீங்கள் தேர்ந்தெடுக்கும் மருத்துவமனைக்கோ அறக்கட்டளைக்கோ ஒவ்வொருவரும் நேரடியாகவே செலுத்திவிட்டால் இந்தச் சிக்கல் எழாது. ரசீதும் அவரவர் பெயரிலேயே கிடைக்கும். நன்கொடைக்கு வரிவிலக்குப் பெற்றுத்தரும், 80ஜி என்று அறியப்படும் அங்கீகாரம் அந்த நிறுவனத்துக்கு இருந்தால், பழைய வரி முறையில் இருப்பவர்கள் விலக்குக் கோரலாம். 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால் விலக்கு கிடையாது. பெயரும் தொகையும் எழுதிய தாளை மேசைதோறும் சுற்றுக்கு விடும் வழக்கத்தை மட்டும் தயவுசெய்து கைவிடுங்கள். மேலாளர் 5,000 என்று எழுதிய தாளில் துப்புரவுப் பணியாளர் எவ்வளவு எழுதுவார் என்பதை எண்ணிப் பாருங்கள்.

ஒருவருடைய நோய் ஊருக்கே உதவியாக மாறிய வரலாறு நம்மிடமே இருக்கிறது. தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த மருத்துவர் முத்துலட்சுமி ரெட்டி, அந்தத் துயரை நெஞ்சில் வைத்துப் பல ஆண்டுகள் முயன்று, 1954-இல் அடையாறு புற்றுநோய் மருத்துவமனையை 12 படுக்கைகளுடன் தொடங்கினார். அங்கே பணியாற்றிய மருத்துவர் சாந்தா 2021-இல் மறையும் வரை தம் வாழ்நாளை அதற்கே அளித்தார். உங்கள் எண்ணமும் அந்த வழியில் வந்ததுதான்.

பணத்தோடு நின்றுவிடவும் தேவையில்லை. தானமாகப் பெறும் இரத்தத் தட்டணுக்களைச் சில நாட்களுக்கு மேல் சேமித்து வைக்க இயலாது என்பதால், இரத்தப் புற்றுநோய்ப் பிரிவுகளில் கொடையாளர்களின் தேவை ஓய்வதே இல்லை. இரத்த அணுக்களை உருவாக்கும் ஸ்டெம் செல்களை மாற்றும் சிகிச்சை தேவைப்படும் நோயாளிக்கு உடன்பிறந்தவர் ஒருவர் முழுமையாகப் பொருந்தும் வாய்ப்பு நான்கில் ஒன்றுதான். பொருந்தாதவர்கள் முகமறியாத கொடையாளரை நம்பியிருக்கிறார்கள். சென்னையில் இயங்கும் ‘தாத்ரி’ போன்ற ஸ்டெம் செல் கொடையாளர் பதிவகத்தில் பெயர் சேர்க்க, கன்னத்தின் உட்புறத்தைப் பஞ்சுக் குச்சியால் தடவி மாதிரி கொடுத்தால் போதும். உங்கள் அலுவலகத்து இளைஞர்களிடம் இதை எடுத்துச் சொல்லுங்கள்.

விழா வேண்டாம் என்பது என் கருத்து. கீமோதெரபி பெறுகிறவருக்கு நோய் எதிர்ப்பாற்றல் குறைந்திருக்கும். கூட்டம் அவருக்கு ஆபத்து. அழைத்தே ஆக வேண்டுமென்றால் அவருடைய மருத்துவர் அனுமதித்த பிறகு அழையுங்கள். அறிவிப்பில் ‘நினைவாக’ என்ற சொல்லும் வரக் கூடாது. மறைந்தவர்களுக்கு நாம் வழங்கும் சொல் அது. நோயோடு போராடுகிறவர் கண்ணில் படலாகாது. ‘அவர் பெயரில்’ என்றே இருக்கட்டும். அச்சுக்கோ வாட்ஸ்அப்புக்கோ அனுப்புவதற்கு முன் முழு வாசகத்தையும் அவரிடம் படித்துக் காட்டி, அவர் வேண்டாம் என்ற சொற்களை அவர் முன்னிலையிலேயே அடித்துவிடுங்கள்.